மிளகுக்கு ஏது சம்பளச் சீட்டு?

வா மாப்ளே, இப்படித் திண்ணையில உட்காரு. மகளுக்குச் சேலத்துல காலேஜ் சீட்டு கிடைச்சிருச்சாமே, சந்தோசம். வருமானச் சான்றுக்கு எவ்வளவு சொல்லலாம்னு யோசனை கேக்குறே. உங்கிட்டதான் ரெண்டு மூணு வருமானம் இருக்கே! போன தையில பையனுக்குப் பொண்ணு பாக்க நாகலூர் போனப்ப, "சில்வர் ஓக் மரத்துக்கு மரம் மிளகுக்கொடி, காப்பி தனி, வருசத்துக்கு ஆறு லட்சம்"னு அளந்தியே, அதையா? கடன் தள்ளுபடின்னு காதுல விழுந்ததும் "சல்லிக்காசு இல்லீங்க"ன்னு கையை விரிச்சியே, அதையா? நல்ல தோட்டம் வெச்சிருக்கே, ஆளைப் பாத்துக் காய்க்குது.

நம்ம பழங்குடிப் புள்ளைங்க பத்தாவதுக்கு மேல படிச்சா உதவித்தொகை உண்டு. முக்காப் பங்கு டெல்லி, காப் பங்கு சென்னை. பெத்தவங்க வருமானம் வருசம் 2.5 லட்சத்துக்குள்ள இருக்கணும், அவ்வளவுதான். ஒத்த ரூபா தாண்டினா ஒண்ணும் கிடையாது. இந்தக் கோட்டைக் கிழிச்ச மகராசன் மிளகுக்கொடியைக் கண்ணால பாத்திருக்க மாட்டான். காய் புடிச்ச வருசம் நீ பணக்காரன், வாடல் நோய் வந்த வருசம் நீ பரதேசி. எஸ்டேட்டுல மாசச் சம்பளம் வாங்குறவன் பாவம், அவனைச் சம்பளச் சீட்டே காட்டிக் குடுத்துரும். மிளகுக்குச் சீட்டு இல்ல, அந்தத் தெம்புலதானே நீ மீசையை முறுக்குறே? வி.ஏ.ஓ. விசாரிக்க வருவாரு. பக்கத்துத் தோட்டத்துக்காரன் வாய் சும்மா இருக்குமா?

இன்னொண்ணு கேளு. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேருல முந்தி கல்யாண உதவி குடுத்தாங்க. தாலிக்குத் தங்கம் கூட. அதுக்கு வருமானம் 72,000-க்குள்ள இருக்கணும். அதையே படிப்புக்குத் திருப்பி, 2022 செப்டம்பர் 5-ல புதுமைப் பெண்ணுன்னு ஆரம்பிச்சாங்க. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணு காலேஜ் போனா மாசம் 1,000 ரூபா. அப்பன் என்ன சம்பாதிக்கிறான்னு கேக்குறதே இல்ல. உன்னைப் பத்தி யாரோ கோட்டையில சொல்லியிருக்கணும். காசும் நேரா அவ கணக்குக்குப் போகுது, அதானே உன் வயித்தெரிச்சல்? பையன்களுக்கும் 2024 ஆகஸ்ட்டுல தமிழ்ப் புதல்வன் வந்தாச்சு.

சரி, கிளம்பு. இ-சேவைக்கு 60 ரூபா எடுத்துக்க. அவ பேருல இருக்குற பேங்கு கணக்குல ஆதார் சேர்ந்திருக்கான்னு முதல்ல பாரு, அதுல கோட்டை விட்டவன் இந்த மலையில நெறைய. மகளையும் கூட்டிட்டுப் போ. தோட்டத்துக் கணக்கு நோட்டை அவதான் எழுதுறா, தொகையை அவளே சொல்லட்டும். நீ வாயைத் தெறக்காதே.