தவப்பூனைக்கு எத்தனை மார்க்?

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையின் அடியில் ஒரு பூனை தவம் செய்கிறது. பின்னங்காலில் நிமிர்ந்து, முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கி, மேலே ஒற்றைக்காலில் நிற்கும் முனிவனை அப்படியே காப்பியடிக்கிறது. காலடியில் எலிகள் மொய்த்துக் கிடக்கின்றன. பல்லவர் காலத்துக் கல்தச்சன் செய்த குறும்பு. பள்ளிச் சுற்றுலாவுக்கு வரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடப் பார்த்த மாத்திரத்தில் 'திருட்டுப் பூனை' என்று சிரித்துவிடும்.

அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது தெரியாத ஒரு வித்தை, சந்தை ஆய்வு என்ற பெயரில் நம் கைபேசிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. விளம்பரத்தை நீங்கள் பார்ப்பீர்கள். கேமரா உங்களைப் பார்க்கும். மறைமலை நகரில் இரவு ஷிப்ட் முடித்து அறைக்கு வந்த ஒரு பையன் என்று வைத்துக்கொள்வோம். கூப்பனுக்கு ஆசைப்பட்டு 'சம்மதம்' என்ற பொத்தானைத் தட்டுகிறான். ஒரு பிஸ்கட் விளம்பரம் ஓடுகிறது. அவன் உதட்டோரம் எப்போது மேலே போனது, புருவம் எந்த நொடியில் சுருங்கியது என்று மென்பொருள் ஒவ்வொரு படச்சட்டமாக அளக்கிறது. இப்படி ஆயிரம் பேரை அளந்து, கூட்டி வகுத்து, ஒரு வளைகோடு போட்டு, 'பன்னிரண்டாம் நொடியில் வாடிக்கையாளர் நெகிழ்ந்தார்' என்று அறிக்கை எழுதுகிறார்கள். பையன் அந்த நொடியில் கொட்டாவியை அடக்கியிருப்பான்.

இதற்கு மூலபுருஷர் பால் எக்மன். 1960களின் கடைசியில் நியூ கினியாவின் ஃபோரே மக்களிடம் புகைப்படங்களைக் காட்டி, மனித குலம் முழுமைக்கும் அடிப்படை உணர்ச்சி ஆறு என்று முடிவுகட்டியவர். 1978இல் முகத் தசைகளின் அசைவுக்கு எண் போட்டு ஒரு பட்டியலும் வெளியிட்டார். பன்னிரண்டாம் எண் என்றால் உதட்டோரம் உயர்கிறது. நான்காம் எண் என்றால் புருவம் இறங்குகிறது. அந்தப் பட்டியலைக் கணினிக்குப் பாடம் நடத்தி வியாபாரமாக்கிய கம்பெனிகளில் ஒன்று, எம்.ஐ.டி. ஆய்வகத்திலிருந்து 2009இல் கிளம்பிய அஃபெக்டிவா. நம் பங்குக்குப் பெங்களூரிலும் சிலர் இதே கடையை விரித்திருக்கிறார்கள்.

எக்மனுக்கு ஆறு. தொல்காப்பியருக்கு எட்டு. பழம்பெருமை பேச வரவில்லை, கணக்குத்தான் பேசுகிறேன். அந்த எட்டில் நகை வேறு, உவகை வேறு. நகை பிறக்கிற நான்கு இடங்களில் முதலாவது எள்ளல். அதாவது, ஒருவன் சிரிக்கிறான் என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அவன் உன்னைக் கேலி செய்கிறானா என்பதை. இவர்கள் கணக்கிலோ பன்னிரண்டாம் எண் தசை அசைந்தால் மகிழ்ச்சி, தீர்ந்தது விஷயம். சிவப்பழகு கிரீம் பூசியதும் வேலை கிடைத்துவிடுகிற பெண்ணைத் திரையில் பார்த்து, 'அடப் பாவிகளா' என்று ஒருத்தி வயிறு குலுங்கச் சிரித்தால், அது அந்தக் கிரீமுக்கு வெற்றி. கேலியைக் கைதட்டலாக வரவு வைக்கிற கணக்குப்பிள்ளையை நான் அரசியலில்தான் பார்த்திருக்கிறேன்.

அரசியல் என்றதும் நினைவு வருகிறது. 2019 அக்டோபர் 11. இதே தபசுப் பாறைக்கு முன்னால் மோடியும் ஷி ஜின்பிங்கும். வேட்டி, துண்டு, இளநீர், வெண்ணெய் உருண்டைப் பாறையின் கீழ் கைகோத்துப் படம். இரண்டு முகத்திலும் பன்னிரண்டாம் எண் தசை பிரமாதமாக வேலை செய்தது. எட்டு மாதம் கழித்து, 2020 ஜூனில், கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் இருபது இந்திய வீரர்கள் செத்தார்கள். அன்றைக்கு அந்தச் சிரிப்பை நேரில் பார்த்துக்கொண்டிருந்தது பூனை. அதற்கு மட்டும் விஷயம் புரிந்திருக்கும்.

அறிவியலே இதற்கு எதிராகப் பேசிவிட்டது என்பதுதான் வேடிக்கை. 2019இல் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் வேறு நான்கு அறிஞர்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசி, முகத்தை மட்டும் பார்த்து ஒருவரின் உணர்ச்சியை நம்பிச் சொல்ல முடியாது என்றார்கள். ஆட்களை வேலைக்கு எடுப்பதற்கு முகம் பார்த்துக்கொண்டிருந்த ஹயர்வியூ 2021இல் அந்தப் பகுதியைக் கைவிட்டது. 2022இல் மைக்ரோசாஃப்ட், தன் முகச் சேவையிலிருந்து உணர்ச்சி கணிக்கும் பகுதியை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. வேலையிடத்திலும் பள்ளியிலும் இந்த வேலையே கூடாது என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை 2025 பிப்ரவரி 2 முதல் நடப்பில் இருக்கிறது. மருத்துவக் காரணத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு. நாம்? 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் போட்டோம். அதில் முகக்குறிப்பும் முகவரியும் ஒரே தராசில். பொத்தானைத் தட்டினாயா, சம்மதித்தாய், போ. ஆனால் 2021 ஜனவரியிலேயே லக்னோ போலீஸ், துன்பத்தில் இருக்கும் பெண்ணின் முகத்தைப் பார்த்து எச்சரிக்கை அனுப்பும் கேமரா வைக்கப்போவதாக அறிவித்துவிட்டது. காவல் நிலையத்துக்கே நடந்து போய், மேஜைக்கு எதிரில் நின்று அழுகிற பெண்ணின் புகாரை வாங்கிக்கொள்ள எந்தக் கருவியும் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2018இல் லாரன் ரூ என்ற ஆய்வாளர் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்களின் படங்களை இப்படிப்பட்ட இரண்டு மென்பொருள்களிடம் கொடுத்துப் பார்த்தார். கறுப்பு வீரர்களின் முகத்தில் வெள்ளையரைவிடக் கூடுதல் கோபம் இருப்பதாக ஒன்றும், கூடுதல் இகழ்ச்சி இருப்பதாக மற்றதும் மதிப்பெண் போட்டன. கோபம் கண்ட மென்பொருளுக்கு, ஒரே மாதிரிச் சிரித்தாலும் அப்படித்தான். அதே ஆண்டு ஜாய் புவலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும், முகம் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்கள் கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை தவறுவதைக் காட்டினார்கள். வெளிர்நிற ஆண்களிடம் தவறு அதிகபட்சம் 0.8. கொக்கிலமேட்டுக் கடற்கரையில் வெயிலுக்குப் புருவம் சுருக்கி வலை பிரிக்கிற ஒரு கறுத்த முகத்தை இந்த இயந்திரம் எந்தப் பத்தியில் எழுதும் என்று உங்களுக்கே தெரியும். அஃபெக்டிவாவின் வாடிக்கையாளர்களில் யூனிலீவரும் ஒன்று. அதன் இந்தியக் கிளை 1975இலிருந்து 'ஃபேர் அண்ட் லவ்லி' விற்று, உன் முகம் சரியில்லை, உன் முகம் சரியில்லை என்று நாலரைப் பத்தாண்டு ஓதி, 2020இல் உலகம் கேள்வி கேட்டதும் 'ஃபேர்' என்ற சொல்லை மட்டும் துடைத்து 'க்ளோ' என்று எழுதிக்கொண்டது. சரியில்லாத முகத்தை இப்போது இவ்வளவு அக்கறையாகப் படிப்பானேன்?

உண்மையிலேயே நம் முகத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசையென்றால் நானே இடம் காட்டுகிறேன். பொங்கலுக்கு முந்தைய இரவு பரனூர் சுங்கச்சாவடி. அங்கே கேமராவுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அது நம்பர் பிளேட்டைத்தான் பார்க்கிறது, ஓட்டுகிறவனைப் பார்ப்பதில்லை. அடுத்து, செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் காலை எட்டு மணிக்கு வெளிநோயாளி வரிசை. திருமணியில் கோடிக்கணக்கில் கொட்டிக் கட்டிய தடுப்பூசி வளாகம், கொரோனா உச்சத்தில்கூட ஒரு குப்பி தராமல் பூட்டிக் கிடந்தபோது அதன் வாசலைக் கடந்து போனவர்களின் முகம். இங்கெல்லாம் ஆறு உணர்ச்சியும் அசலாகக் கிடைக்கும், கூப்பன் கொடுக்கவே வேண்டாம். எந்தக் கம்பெனியும் வராது. நம் கோபம் விற்பனைக்கு உதவாத சரக்கு.

முகம் பார்த்துப் பிழைப்பதைத் தவறென்று சொல்லவில்லை. கடற்கரைக் கோயில் வாசலில் பாசிமணி விற்கிற பெண்களைக் கவனித்திருக்கிறீர்களா? பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஐம்பது பேரில் யார் வாங்குவார், யார் பேரம் மட்டும் பேசுவார், யாருடைய குழந்தை அழுதால் அப்பா பர்ஸை எடுப்பார் என்று இருபதடி தூரத்திலேயே கணித்துவிடுவார்கள். அவர்கள் கணிப்பு தப்பினால் அன்றைக்கு உலை கொதிக்காது. இவர்கள் கணிப்பு தப்பினால் இன்னொரு அறிக்கைக்கு இன்னொரு பில். அதோடு, அந்தப் பெண்கள் முகத்தைப் பார்த்தாலும் கடைசியில் வாய் திறந்து கேட்பார்கள்: "வேணுமா சார், எவ்வளவு தருவீங்க?" கோட்டு போட்ட சந்தை ஆய்வாளருக்கு இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் பயம். கேட்டால் பதில் வந்துவிடுமே. விலை அதிகம், சாமான் மட்டம், பாக்கெட்டில் பாதி காற்று என்று வாய் சொல்லிவிடும். ஆகவே வாயைப் பொத்திவிட்டு உதட்டோரத்தை மட்டும் அளக்கிறார்கள்.

பாசிமணிப் பெண்களைச் சொன்னதால் பூஞ்சேரியைச் சொல்லாமல் விட முடியாது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்து ஊர். 2022இல் செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, அங்கேதான். அதற்கு முந்தைய ஆண்டு, பூஞ்சேரி நரிக்குறவர் குடியிருப்பைச் சேர்ந்த ஓர் இளம் தாய், தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானத்துக்குப் போனார். பந்தியில் உட்கார விடாமல் துரத்தினார்கள் என்று வெளியே வந்து சொன்னார். துரத்தியவர்களுக்கு எந்த மென்பொருளும் தேவைப்படவில்லை. முகத்தைப் பார்த்தார்கள், போதுமாக இருந்தது. இந்த நாட்டில் முகம் படிக்கிற கலைக்கு எக்மனைவிட மூத்த ஆசான்கள் தெருவுக்குத் தெரு உண்டு.

அந்தப் பெண் ஒரு கேமராவுக்கு முன்னால் நின்று பேசினார். அழவில்லை, சிரிக்கவுமில்லை. அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டார். காணொளி ஊரெல்லாம் சுற்றியது. அமைச்சர் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து அன்னதானம் சாப்பிட்டார். 2021 நவம்பர் 4, தீபாவளியன்று, முதல்வர் பூஞ்சேரிக்கே வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார்.

அன்றைக்கு அவர் முகத்தில் புருவம் எத்தனை முறை சுருங்கியது என்று யாரும் எண்ணவில்லை. அந்தக் கேமராவில் ஒலி இருந்தது.