கட்டடத்தைப் பாக்காத, கட்டிலை எண்ணு

நர்சு படிக்கப் போறியாமே கண்ணு? உங்கம்மா குபேர் அங்காடியில மீன் வாங்குறப்ப யார்கிட்டயோ சொல்ல, அது பாகூர் பஸ்ஸு ஏறி என் திண்ணைக்கு வந்து சேர்ந்துடுச்சு. ரொம்ப சந்தோசம். எனக்குச் சக்கரை இருக்கு, பிரஷர் இருக்கு, முட்டி வலி இருக்கு. பக்கத்து வீட்டுல ஒரு நர்சு மட்டும்தான் இல்லாம இருந்துது. ஆகையால என் யோசனையில எனக்கும் லாபம் உண்டு. லாபம் இருக்கற எடத்துல நான் பொய் சொல்ல மாட்டேன்.

கையில இன்னா, நோட்டீசா? குடு பாக்கலாம். அடேங்கப்பா, "ஒரே வருசத்தில் நர்சிங் அசிஸ்டென்ட் டிப்ளமோ, நூறு சதம் வேலை." பேஷான படிப்பு! ஒரு வருசத்துல படிப்பு முடிஞ்சுடும், அதோட உன் முன்னேத்தமும் முடிஞ்சுடும். நர்சிங் கவுன்சில் பதிவேட்டுல உன் பேரு ஏறாது. தெருமுனை கிளினிக்குல வெள்ளைக் கோட்டு மாட்டி விடுவாங்க. வேலை வாங்குறப்ப நீ நர்சு, சம்பளம் குடுக்கறப்ப நீ அசிஸ்டென்ட், ஊசி பிசகிப் போச்சுன்னா நீ யாருன்னே தெரியாது.

பிரெஞ்சுக்காரன் 1823லயே வைத்தியப் பள்ளிக்கூடம் தொறந்த ஊரு நம்ம புதுச்சேரி. நம்ம ஜிப்மருக்கு மூலமே அதுதான். இருநூறு வருசமா வைத்தியம் சொல்லித்தர்ற ஊர்ல, மாடிப்படிக்குக் கீழ போர்டு மாட்டி நர்சு ஆக்குறேங்கறான் பாரு, அவன் தைரியத்துக்கு ஒரு மாலை போடணும்.

சரி, கணக்குக்கு வா. ஏஎன்எம்ங்கற துணைச் செவிலியர் படிப்பு 2 வருசம். பிளஸ் டூ எந்தக் குரூப்பா இருந்தாலும் சேரலாம். துணை சுகாதார நிலையத்துல தடுப்பூசி போடுற, கர்ப்பிணிங்க வீட்டுக்கு நடக்கற வேலை. மட்டமான வேலைன்னு நெனைச்சுடாத, கிராமம் உசுரோட இருக்கறதே அவங்களாலதான். ஜிஎன்எம்ங்கற பொதுச் செவிலியர் படிப்பு 3 வருசம். முடிச்சு கவுன்சில்ல பதிஞ்சா நீ பதிவு பெற்ற நர்சு, பதிவு பெற்ற மருத்துவச்சி, ரெண்டும். பி.எஸ்ஸி. நர்சிங் 4 வருசம். அதுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படிச்சிருக்கணும். ஜிப்மர்ல சேரணும்னா நீட் மார்க்கும் வேணும். மத்த காலேஜ் அரசு ஒதுக்கீட்டுக்குப் புதுச்சேரி அரசோட சேர்க்கைக் கமிட்டியான சென்டாக் வாசல்.

"மொதல்ல ஏஎன்எம் சேர்ந்துட்டு அப்புறம் மெதுவா மேல ஏறிக்கலாம் தாத்தா"ன்னு உன் அண்ணன் சொன்னானாம். புத்திசாலிப் பய. அமெரிக்காவுல அது நடக்கும். அங்க பிராக்டிகல் நர்சுன்னு சுமார் ஒரு வருசப் படிப்பு இருக்கு. அதுக்குத் தனியா ஒரு லைசென்சுப் பரீட்சை. அப்புறம் ரெஜிஸ்டர்டு நர்சு ஆகணும்னா, படிச்சதைக் கழிச்சுக்கிட்டு மீதியைப் படிக்கறதுக்குன்னே பிரிட்ஜ் கோர்சு வெச்சிருக்கான். இங்க ஏஎன்எம் முடிச்சவளை ஜிஎன்எம்ல சேர்த்துக்குவாங்க, ஆனா படிச்ச 2 வருசத்தைக் கழிக்க மாட்டாங்க. மறுபடியும் முழுசா 3 வருசம். அதுக்கு மேல போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. 2 வருசம். கூட்டிப் பாரு, 7. நேரா ஜிஎன்எம் போய்ப் போஸ்ட் பேசிக் பண்ணினா 5. நேரா பி.எஸ்ஸி. போனா 4. குறுக்கு வழியில போறவதான் கடைசியில வீட்டுக்கு வருவா. கையில காசில்ல, சீக்கிரம் சம்பாரிக்கணும்னா ஏஎன்எம் படி, தப்பே இல்ல. மேல ஏறுற ஆசை இருந்தா மட்டும் மொதல் படியையே பெரிய படியா வெச்சுக்க.

காலேஜை எப்படிப் பொறுக்குறது? நீயும் உங்கம்மாவும் ஒரு காலேஜுக்குப் போனீங்களாம், ஏசி ஹால், கண்ணாடிக் கதவு, ரப்பர் பொம்மை நோயாளி எல்லாம் பாத்து வாயடைச்சு வந்தீங்களாம். மாடு வாங்குறவன் பல்லைத்தான் பாப்பான், கொம்புல அடிச்ச வர்ணத்தையா பாப்பான்? கட்டிலை எண்ணு கண்ணு. காலேஜுக்குச் சொந்த ஆஸ்பத்திரி இருக்கா, அதுல 100 படுக்கையாவது தேறுமா, படுக்கையில ஆள் இருக்காங்களா? ஒரு மாணவிக்கு மூணு நோயாளின்னு இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கே வெச்சிருக்கு. ரப்பர் பொம்மை திட்டாது, வாந்தி எடுக்காது, ராத்திரி மூணு மணிக்கு "அம்மா"ன்னு கத்தாது. அதுகிட்டப் படிச்சவ பொம்மைக்குத்தான் நர்சு. நாளைக்கு ஜிஎன்எம்மை வெச்சு எய்ம்சுல நர்சிங் ஆபீசர் ஆகணும்னாலும், குறைஞ்சது 50 படுக்கை ஆஸ்பத்திரியில 2 வருச அனுபவம் கேப்பான். அங்கயும் கட்டில் கணக்குதான், கண்ணாடிக் கதவுக்கு மார்க்கு கெடையாது.

உங்க பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து சொல்தா பென்ஷன் வாங்குறவர். "பிரெஞ்சு பாஸ்போர்ட்டு இருக்கு, பிரான்சுல பாத்துக்கலாம்"னு அவர் சொல்லுவார். பாஸ்போர்ட்டு உன்னை ஏர்போர்ட்டைத் தாண்ட விடும், வார்டுக்குள்ள விடாது. அங்க நர்சு ஆகறதுக்கு அவங்க அரசாங்க டிப்ளமோ வேணும், அதுக்கு 3 வருசப் படிப்பு. நம்ம ஊரு சர்ட்டிபிகேட்டை அப்படியே ஏத்துக்க மாட்டான். ஜெர்மனிக்காரன் மொதல்ல பாஷை படிச்சுட்டு வாம்பான். எந்தத் தேசத்துக்குப் போனாலும் "உங்க ஊர்ல பதிவு பண்ணின நர்சா நீ?"ன்னு கேக்காம விட மாட்டான்.

இன்னொண்ணு. பீஸு கட்டுற அன்னிக்கு ரொம்பப் பாசமா, "அசல் சர்ட்டிபிகேட்டு எங்க பீரோவுல பத்திரமா இருக்கட்டும்மா"ம்பாங்க. பத்திரமாத்தான் இருக்கும், உன்னை நடுவுல வெளிய விடாத அளவுக்குப் பத்திரமா. அசலைக் காட்டு, ஜெராக்சைக் குடு. ஏஜென்ட்டு பெங்களூருக்குக் கூட்டிப்போறேன், பஸ் டிக்கெட்டு இலவசம்னா, அந்த டிக்கெட்டுக் காசு எந்த வரவுல இருந்து வருதுன்னு அவனையே கேளு. அந்த வரவு நீதான்.

காலேஜுல சேர்றதுக்கு முன்னால ஒரு நாள் காலையில ஆஸ்பத்திரி வாசல்ல நில்லு. நைட் டூட்டி முடிஞ்சு வர்ற பொண்ணுங்ககிட்டக் கேளு, எங்க படிச்சே, கவுன்சில்ல பதிவாச்சா, வார்டுல எத்தனை பேரைக் கையால தொட்டுப் பாத்தேன்னு. தூக்கக் கலக்கத்துல யாரும் விளம்பரம் பேச மாட்டாங்க. அதுக்கப்புறமும் வாழைமரம் கட்டி, சந்தனம் தெளிச்சுக் கூப்புடுற காலேஜுதான் பிடிச்சிருக்குன்னா தாராளமா போ. வாழைமரத்துக்கும் சேத்துப் பீஸு கட்டப்போறது உங்கப்பன்தானே, எனக்கு இன்னா?