எக்ஸ் ஷோரூம் மனிதன்

வாங்க வக்கில்லாத கார்களின் விலையெல்லாம் எனக்கு மனப்பாடம். வாங்கிய காரின் விலைதான் கடைசிவரை பிடிபடவில்லை.

ஃபோர்டு மஸ்டாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1964 ஏப்ரல் 17, நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகம். ஆரம்ப விலை 2,368 டாலர். அப்போது டாலர் 4 ரூபாய் 76 காசு. நம் கணக்கில் சுமார் 11,270 ரூபாய். முதல் நாளே 22,000 ஆர்டர். அதற்கு மூன்று நாள் முன்பே கனடாவில் ஒரு டீலர், காட்சிக்கு வைக்க வந்த முதல் நம்பர் வண்டியை ஒரு விமானிக்கு விற்றுத் தொலைத்துவிட்டார். அதைத் திரும்ப வாங்க, 1966இல் பத்து லட்சமாவது மஸ்டாங்கைத் தூக்கிக் கொடுத்தது கம்பெனி. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் பக்கத்து டீக்கடையில் இந்தக் கதையை நான் சொல்லிக் கேட்காதவர்கள் குறைவு. "சார், உங்க வண்டி எங்க நிக்குது?" என்று ஒரு பையன் கேட்டான். மறுநாளே கடையை மாற்றிவிட்டேன்.

2016 ஜூலையில் மஸ்டாங் இந்தியாவுக்கே வந்தது. எட்டு சிலிண்டர், ஐந்து லிட்டர் எஞ்சின், டெல்லி எக்ஸ் ஷோரூம் விலை 65 லட்சம். "நம்ம மறைமலை நகர்லதான் பண்றான்" என்று மச்சானிடம் அடித்துவிட்டேன். அமெரிக்காவில் முழுசாகச் செய்து கப்பலில் வந்து இறங்கிய வண்டி அது. மச்சான் அப்போது வேலை பார்த்ததே மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில். பாவம், சிரிக்காமல் காபியைக் குடித்தார்.

முதல் மஸ்டாங்கின் சூட்சுமமே அந்த 2,368 டாலரில்தான் இருக்கிறது. அந்தக் காசுக்குக் கிடைத்தது ஆறு சிலிண்டர் மொட்டை வண்டி. ரேடியோ தனிக்காசு, ஏசி தனிக்காசு, ஆட்டோமேட்டிக் கியர் தனிக்காசு, வி-8 எஞ்சினும் தனிக்காசுதான். முதன்முதலில் வாங்கியவர்களில் ஒருவரான சிகாகோ ஆசிரியை, கன்வர்டிபிள் மாடலுக்கு 3,400 டாலருக்கு மேல் கொடுத்தார். மஸ்டாங்கைக் கொண்டுவந்த ஃபோர்டு அதிகாரி லீ அயகோக்கா விற்றது காரையா, அந்த நீளப் பட்டியலையா என்று புது டீக்கடையில் ஒரு பிரசங்கமே செய்தேன்.

செய்த கையோடு திருச்சியில் ஒரு ஷோரூமுக்குப் போய், விளம்பரத்தில் இருந்த விலையை வீட்டில் சொல்லி, அதற்குத் தக்கபடி மட்டும் டெபாசிட்டை உடைத்தேன். பில் வந்தது. ஆயுள் வரி, இன்சூரன்ஸ், சீட் கவர், காலடி மேட். "அறுபது வருஷம் முன்னாடி அமெரிக்காவுல ரேடியோவுக்குத் தனிக்காசுன்னு தெரியறது. இங்க மேட்டுக்குத் தனிக்காசுன்னு தெரியலையா?" என்றாள் மனைவி. பாக்கிக்கு அவள் நகைச்சீட்டுப் பணம்தான் கைகொடுத்தது.

வாங்கியதையாவது ஒழுங்காக ஓட்டுகிறேனா? சித்திரை வீதியின் நாலு மூலையிலும் அத்தனை பெரிய தேரே திரும்பிவிடுகிறது. நான் ரிவர்ஸ் எடுத்தால் பூக்காரம்மா கூடையை வைத்துவிட்டு எழுந்து வருகிறார்: "ஒடிங்க சாமி, இன்னும் ஒடிங்க!"

புது வண்டி எடுக்கப் போகிறவர்கள் ஆன் ரோடு விலையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், மேட் உட்பட.