சுண்ணாம்பு தடவாத சாடி

கானா ஊர்க் கலியாணத்தில் இயேசு தண்ணீரை ரசமாக மாற்றினார் என்று ஞாயிறு பள்ளியில் முதன்முதலாகக் கேட்டபோது, அது மிளகு ரசம் என்றே நான் நம்பினேன். வேதாகமத்தில் திராட்சரசம் என்றுதான் இருந்தது. ஆனால் தக்காளி ரசம், எலுமிச்சை ரசம்போல அதுவும் கானா ஊர்க்காரர்கள் வைக்கும் ஒரு தினுசு, புளிக்குப் பதில் திராட்சையைக் கரைத்துக் கடுகு தாளிப்பார்கள்போலும் என்று எண்ணிக்கொண்டேன். அதில் அற்புதம் என்ன இருக்கிறது என்பதும் எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஊர்க் கலியாணங்களில் மூன்றாம் பந்திக்கு ரசம் தட்டுப்படும்போதெல்லாம், ஒரு குடம் வெந்நீரும் கைநிறைய மிளகுத்தூளுமாக என் பெரியம்மா அதே காரியத்தைச் செய்துகொண்டிருந்தாள். எந்தச் சுவிசேஷக்காரரும் அதை எழுதிவைக்கவில்லை.

எங்களுடையது திருச்செந்தூர்ப் பக்கம், தேரிமணலும் பனங்காடுமான ஊர். தாத்தா உபதேசியார். குடிக்கு எதிராக அவர் பேச ஆரம்பித்தால் நோவாவின் கூடாரத்தில் தொடங்கி, நீதிமொழிகள் வழியாக, எபேசியருக்கு எழுதின நிருபத்தில் வந்து மூச்சு வாங்குவார். கானா ஊர் மட்டும் அவர் வழியில் கிடந்த கல். அதையும் அவர் லாவகமாகத் தாண்டிவிடுவார்: அது புளிக்காத சாறு, திராட்சையில் இறக்கின பயினி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பார். பதநீரை நாங்கள் பயினி என்போம். சித்திரை வெயிலில், பனையோலைப் பட்டையை இரண்டு கையாலும் ஏந்தி, மிதக்கும் நுங்கோடு முகத்தையும் சேர்த்து நனைத்துக்கொண்டு அதைக் குடித்தவர்களுக்குத் தாத்தாவின் விளக்கத்தில் குறையே தெரியாது.

1971-இல் மதுவிலக்கு விலகி, கள்ளுக்கடைகள் திறந்தன. அந்த நாளில் ஒரு காலை, வீட்டுக்குப் பயினி ஊற்ற வந்த பனையேறி, வாசல் திண்ணையில் தாத்தாவின் பிரசங்க ஒத்திகையை முழுக்கக் கேட்டுவிட்டு, மிகவும் பணிவாக ஒரு சந்தேகம் கேட்டார்: “உபதேசியாரையா, தண்ணி நெறச்ச அந்த ஆறு சாடிலயும் உள்ளுக்குள்ள சுண்ணாம்பு தடவியிருந்தாவளா?”

பனங்காட்டில் பிறக்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் பயினி, தடவாமல் கட்டினால், அதே பனை, அதே பாளை, அதே சாறு, விடிவதற்குள் தானாகவே கள். இடையில் ஒரு விரல் சுண்ணாம்பு, அவ்வளவுதான். தாத்தா நெடுநேரம் யோசித்தார். பிறகு, “அத யோவான் எழுதலடே” என்றார்.

எனக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடந்த 1974-இல் மதுவிலக்கு மறுபடி வந்திருந்தது. ஆகவே பதினான்கு வயதில், முதல் திருவிருந்தில், சட்டமும் தாத்தாவும் சேர்ந்து தடுத்த ஒன்றை, போதகரான ஐயர் கையாலேயே, முழங்காலில் நின்று வாங்கிக் குடிக்கப்போகிறோம் என்பதே என் பக்தியின் பெரும்பகுதியாக இருந்தது. வெள்ளிப் பாத்திரத்தின் விளிம்பு உதட்டில் பட்டது. இனிப்பு, லேசான துவர்ப்பு, தொண்டையில் ஒரு சூடு. எழுந்து வரும்போது தலை சுற்றியது. வீட்டுக்கு நடக்கையில் கால் பின்னுவதை நானே கவனித்து, வெட்கமும் பெருமையுமாக வேலியைப் பிடித்துக்கொண்டேன். பல வருஷங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது, எங்கள் கோயிலில் சனிக்கிழமை இரவுதோறும் ஐயரம்மா உலர்ந்த திராட்சையைக் கொதிக்கவைத்து வடிகட்டிய கஷாயம் அது என்று. என் வாழ்க்கையில் அவ்வளவு உயர்ந்த போதை அதற்குமுன்னும் இல்லை, பின்னும் இல்லை.

தூத்துக்குடியில் பீடச்சிறுவனாக இருந்த என் கத்தோலிக்கச் சிநேகிதனுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. அவர்கள் திருச்சபைச் சட்டப்படி அது திராட்சையில் வடித்த, கெட்டுப்போகாத மதுவாகவே இருக்க வேண்டும்; ஆனால் அவன் கோயிலில் குடிப்பவர் பங்குச்சாமி மட்டும். சட்டம் ஒரு பக்கம் தாராளம், மறுபக்கம் சிக்கனம். படிக்கச் சென்னைக்கு வந்தபோது, மெதடிஸ்டுகள் கட்டிய ஒரு கோயிலில், விரலளவு கண்ணாடிக் குப்பிகளில் வெறும் சாறு கொடுத்தார்கள். 1947-இல் ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் பிறரும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது, ஆயர்கள் ஒன்றானார்கள், பாத்திரங்கள் ஒன்றாகவில்லை. அந்தச் சாற்றுக்கும் ஒரு மூலபுருஷர் உண்டு: அமெரிக்காவின் நியூஜெர்சியில், வைன்லாந்து என்ற ஊரில், 1869-இல், தாமஸ் பிராம்வெல் வெல்ச் என்ற பல் வைத்தியர் லூயி பாஸ்டர் காட்டிய வழியில் திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் நிறுத்தினார், திருவிருந்துக்காகவே. நெருப்பால் அவர் தடவியதும் ஒருவகைச் சுண்ணாம்புதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, தாடியும் ஜோல்னாப் பையுமாக விடுமுறைக்கு வந்த நான், ‘ஒய்னோஸ்’ என்ற ஒரே ஒரு கிரேக்கச் சொல்லை வைத்துத் தாத்தாவை மடக்கினேன். நல்லதை முதலில் கொடுத்து, ஜனங்கள் நன்றாகக் குடித்தபின் மட்டமானதை எடுப்பதுதான் ஊர்வழக்கம் என்று பந்திவிசாரிப்புக்காரன் சொல்கிறானே, சாறு குடித்தவனுக்கா ருசி மங்கும் என்று கேட்டேன். சாடிகளின் கொள்ளளவையும் விடவில்லை, சுமார் 470 முதல் 700 லிட்டர் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். தாத்தா சிரித்துக்கொண்டே, “நீ குடிச்சிருக்கியாடே?” என்றார். உலர்திராட்சைக் கஷாயத்தைத் தவிர நான் எதையும் குடித்ததில்லை.

இன்று அந்தப் பனங்காட்டில் கள் இறக்கக் கூடாது, 1987 முதல் தடை; ஆனால் 2003 முதல் பிராந்தியை அரசாங்கமே கடை வைத்து விற்கிறது. கொரோனாவுக்குப் பின் எங்கள் கோயிலிலும் வெள்ளிப் பாத்திரம் அலமாரிக்குள் போய், பிளாஸ்டிக் குப்பிகள் வந்துவிட்டன. அடுத்த வீட்டுக்காரரின் மீசை பட்ட விளிம்பில் நாமும் வாய்வைக்கும் அந்தப் பழைய சங்கடத்தில் ஒரு சமத்துவம் இருந்தது என்று சொன்னால், பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். தாத்தாவின் எள்ளுப்பேத்தியோ கிறிஸ்துமஸுக்கு இருபது நாள் இருக்கும்போதே கம்பம் பன்னீர்த் திராட்சையைச் சீனி, ஈஸ்ட், கோதுமையோடு சாடியில் போட்டு மூடிவைக்கிறாள். “இது வெறும் ஹோம்மேட் வைன் தாத்தா, போதை இருக்காது” என்கிறாள். ஈஸ்டுக்கு அவள் ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறாளோ என்னவோ. ஒரு சின்னக் கிளாஸ் குடித்துப் பார்த்தேன், கால் பின்னவில்லை.

கலியாணங்களும் மாறிவிட்டன. இப்போது இலைக்கு இவ்வளவு என்று சமையல் காண்ட்ராக்டர் எண்ணி வாங்கிக்கொள்வதால் ரசம் தட்டுப்படுவதில்லை. மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் மண்டபத்துக்கு வெளியே கார் டிக்கியைத் திறந்துவைத்திருப்பதால் மற்றதும் தட்டுப்படுவதில்லை. குறைவு என்பதே இல்லாத கலியாணத்தில், ஓடிப்போய்க் குடத்தைத் தூக்க யாரும் தேவைப்படுவதும் இல்லை. பெரியம்மா வெந்நீர் ஊற்றிய அந்த ரசம், உண்மையைச் சொன்னால், மகா மட்டம். ஆனால் பந்தியில் உட்கார்ந்திருந்த சம்பந்தி வீட்டாருக்குக் கடைசிவரை குறை தெரியவில்லை.

நாற்பது வருஷம் சாறா மதுவா என்று வழக்காடிய பிறகு, போன மாதம் அந்த அதிகாரத்தை மறுபடி வாசித்தேன். பனையேறியின் கேள்விக்கு அதில் பதில் இல்லை. மாப்பிள்ளை பெயரும் இல்லை, பெண் பெயரும் இல்லை. அந்த ரசம் எங்கிருந்து வந்தது என்று பந்திவிசாரிப்புக்காரனுக்குத் தெரியவில்லை, தண்ணீர் மொண்ட வேலைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது என்று மட்டும் இருக்கிறது.