ஏ.சி. நகரத்தில் ஒரு ஏ.சி.

பெங்களூருக்கு ஒரு காலத்தில் ‘ஏர்கண்டிஷன் சிட்டி’ என்றே பெயர். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர். குளிர் இலவசம், கரண்ட் பில் கிடையாது. எழுபதுகளில் அல்சூரில் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டில் மின்விசிறிகூட இல்லை. மே மாதம் மெட்ராஸிலிருந்து வரும் மாமா, முதல் இரவே போர்வை கேட்பார். ஊர் திரும்பியதும் நாங்கள் ஏதோ ஊட்டியில் எஸ்டேட் வைத்திருப்பதுபோல் சொல்லித் திரிவார்.

பூசணம் அப்போதும் இருந்தது. ஒளிவு மறைவு இல்லாத பூசணம். ஆடி, ஆவணியில் அப்பாவின் தோல் செருப்பு, பெல்ட், டிரங்குப் பெட்டி, சுவரின் வடக்கு மூலை என்று அதற்குப் பிடித்த இடங்கள் எங்களுக்கு அத்துப்படி. வெயில் அரை மணி எட்டிப் பார்த்தால் போதும், அம்மா வீட்டில் பாதியை வாசலில் பரப்பிவிடுவார். சுவர் உச்சியில் கயிறு கட்டி இழுக்கிற வெண்டிலேட்டர் ஒன்று துருப்பிடித்து மூட முடியாமல் கிடந்தது. அதைச் சரிசெய்யச் சொல்லி வீட்டுக்காரரோடு அப்பா சண்டை போட்டபடியே இருந்தார். காற்று அது வழியே போய் வந்தபடியே இருந்தது.

அதற்காக அந்தக் காலத்தை நுரையீரலின் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். தெருவுக்கு நாலு பேருக்கு வீசிங். பழியைப் பார்த்தீனியச் செடிமேல் போடுவோம். டாக்டர் எச். பரமேஷ் பெங்களூரில் 18 வயதுக்குட்பட்ட 20,000 பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், 1979-இல் நூற்றுக்கு 9 பேராக இருந்த ஆஸ்துமா 1999-இல் 29.5 ஆகியிருந்தது. ஊர் பெருத்ததும் வண்டிப் புகையும் செய்த வேலை. வீட்டு ஏ.சி.க்கு அதில் பங்கு கேட்க முடியாது. அது இன்னும் எங்கள் தெருவுக்குள் வரவே இல்லை.

வந்தது பிறகு. 2016 ஏப்ரல் 24 அன்று பெங்களூரில் 39.2 டிகிரி. அந்தக் கோடையில் எங்கள் ஒயிட்ஃபீல்டு அடுக்ககத்திலும் ஸ்ப்ளிட் ஏ.சி. ஏறியது. கூடவே ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. ஏ.சி. வெளிக்காற்றை இழுத்துக் குளிர்விக்கிறது என்றுதான் எங்கள் குடியிருப்பில் பாதிப்பேர் நம்புகிறார்கள். அது அறைக்குள் இருக்கிற காற்றையேதான் திரும்பத் திரும்பச் சுற்றிவிடுகிறது. அதிலுள்ள ஈரம் குளிர்ந்த காயிலில் நீராகி, கீழே ட்ரேயில் சொட்டி, குழாய் வழியே வெளியேறுகிறது. அணைத்த பிறகும் காயில் ஈரமாகவே இருக்கும். ஈரம், இருட்டு, தின்னத் தூசி: முன்பணம் இல்லாமல் பெங்களூரில் பூசணத்தைத் தவிர வேறு யாருக்கு இப்படி ஒரு வாடகை வீடு கிடைக்கும்?

பேரன் இரவெல்லாம் தும்மியபோது மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். ஃபில்டர் பளிச்சென்றுதான் இருந்தது. அந்த வலை தூசியைப் பிடிக்கும். பூசண வித்து அதில் புகுந்து போய்விடும். அவர் டார்ச் அடித்து, உள்ளே உருளும் ப்ளோயரைக் காட்டினார். இதழுக்கு இதழ் கறுப்பு.

“அழுக்கா தம்பி?”

“பூசணம் சார். மழைக்காலம் முழுக்கப் போடாம வச்சிட்டு நேரா ஆன் பண்ணியிருப்பீங்க.”

திடமானவர்கள் பெரும்பாலும் தும்மலோடு தப்பிவிடுவார்கள். அலர்ஜி, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு கூடும். அபூர்வமாகச் சிலருக்கு நுரையீரலே அழன்று, நாளடைவில் தழும்பேறிவிடும். ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நியூமோனைட்டிஸ் என்பார்கள். 2017-இல் வெளியான இந்தியப் பதிவேடு ஒன்றில், நுரையீரல் இடைத்திசு நோய் கண்ட 1,084 பேரில் 47.3 சதவீதத்தினருக்கு இந்த வகைதான். அவர்களிலும் ஏறக்குறையப் பாதிப்பேர் ஏர் கூலர் காற்றில் இருந்தவர்கள். கூலர் வேறு, ஏ.சி. வேறுதான். பூசணத்துக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

ப்ளோயரைக் கழற்றிக் கழுவி முடித்த மெக்கானிக், அணைப்பதற்கு முன் அரை மணி ஃபேன் மோடில் ஓடவிட்டுக் காயிலைக் காயவைக்கச் சொன்னார். காலையில் ஜன்னலைத் திறந்து வைக்கவும் சொன்னார். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் சர்வீஸ் சார்ஜ்.

ஜூலை இரவு. வெளியே 20 டிகிரி. உள்ளே மகன் ஏ.சி.யை 24-இல் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறான். “ஜன்னலைத் திறக்கலாமேடா” என்றேன்.

“கொசு வரும்ப்பா.”