ஐந்து மணி வேன் பத்தே காலுக்குக் கிளம்புவது ஏன்? ஓர் ஆய்வு

பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோவிலுக்குப் போகும் குடும்ப வேன் சொன்ன நேரத்துக்குக் கிளம்பாது. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் இது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அது எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம் என்று யாரும் நிறுவியதில்லை. நாட்டார் தெய்வங்களைப் பற்றி அவ்வளவு எழுதிய தொ. பரமசிவன்கூட, அந்தத் தெய்வங்களிடம் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வண்டியைப் பற்றி எழுதியதாக என் கண்ணில் படவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வுக்கு 2025ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அந்த ஆண்டு ஏப்ரல் 10 வியாழன் மகாவீர் ஜெயந்தி, 11 வெள்ளி உத்திரம், பிறகு சனி, ஞாயிறு, 14 திங்கள் சித்திரை முதல் நாள். இப்படி ஐந்து நாள் தொடர்ந்து வந்தால் சென்னையில் இருக்கிறவனுக்கு வராமல் இருக்கச் சாக்கு கிடைக்காது. ரயில் முன்பதிவுக் காலத்தையும் 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். உத்திரத்தன்று யார் யாருடன் பேசிக்கொண்டிருப்பார்கள் என்பதை முன்பெல்லாம் நான்கு மாதம் முன்னதாகவே கணித்து டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது. இப்போது இரண்டு மாதத்துக்குக் கணித்தால் போதும். இது ஆய்வாளர்களுக்கும் வசதி.

ஆய்வுக்குட்பட்ட குடும்பம் பாளையங்கோட்டையைச் சேர்ந்தது. ஆய்வாளருக்கு நெருங்கிய சொந்தம் என்பதால் மேல்விவரம் தருவதற்கில்லை. போக வேண்டிய சாஸ்தா கோவில் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவில். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர்; அதற்கு மேல் வனத்துறை சோதனைச்சாவடி, மலைப்பாதை. வண்டி 18 சீட்டு. ஆட்கள் 26. பத்து வயதுக்குட்பட்டவர்கள் மடிக்கணக்கில் வருவதால் இதில் முரண் ஏதும் இல்லை. கடைசி வரிசையில் தம்பியின் சென்னை அலுவலக நண்பர்கள் மூன்று பேர். சொந்தம் மொத்தமும் கூடுகிற இடத்துக்கு இவர்கள் ஏன் வந்தார்கள் என்று கேட்கலாம். பங்குனியில் குற்றாலம் வறண்டு கிடக்கும். பாபநாசத்தில் அகத்தியர் அருவியில் மட்டும் அப்போதும் தண்ணீர் விழும். வந்தவர்கள் அருவிக்காக வந்தவர்கள். சாமி அவர்களுக்குக் கூடுதல்.

முந்தைய நாள் இரவு பெரியப்பா அறிவித்தார்: "காலைல அஞ்சு மணிக்கு டாண்ணு வண்டி எடுத்துரணும். வராதவன விட்டுட்டுப் போயிருவேன்." பெரியப்பா இதுவரை யாரையும் விட்டுவிட்டுப் போனதாகச் சான்று இல்லை. வண்டி கிளம்பியது 10.15க்கு. தாமதம் 13 நாழிகைக்குச் சற்று மேல்.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களை முதலில் தள்ளிவிடுவோம். ஒரே குளியலறை, பட்டுப் பாவாடைக்கு இஸ்திரி, கற்பூரம் வாங்கப் போன சித்தப்பா, தச்சநல்லூரிலிருந்து "வந்துக்கிட்டே இருக்கேன்" என்று படுக்கையிலிருந்து பேசுகிற அத்தான். எல்லாம் உண்மைதான். ஆனால் இவை கூடினாலும் குறைந்தாலும் வண்டி கிளம்பும் நேரம் மாறுவதில்லை. வீட்டில் இரண்டாவது குளியலறை கட்டிய பிறகும் மாறவில்லை. எனவே காரணம் வேறு.

காரணம் இராகு. பகல் 12 மணி நேரத்தை எட்டாகப் பகுத்தால் ஒரு பங்கு ஒன்றரை மணி. அதில் ஒன்றை இராகு எடுத்துக்கொள்கிறார். வெள்ளிக்கிழமை அவருக்கு 10.30 முதல் 12. இராகு காலக் கிழமை வரிசையை நினைவில் வைக்கச் சொல்லிக்கொடுக்கும் பழைய வாக்கியமே, திருநாளில் வெளியே கிளம்பிப் போவது சரியா என்று கேட்கிற வாக்கியம் என்பதை ஆய்வுலகம் கவனிக்க வேண்டும். பத்து மணிக்கு ஆச்சி திண்ணையிலிருந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "ஏல, ராகு காலம் வருதுல்லா!" அதுவரை அசையாத 26 பேரும் கால் மணி நேரத்தில் வண்டிக்குள் இருந்தார்கள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சித்தி பூட்டை நான்கு தடவை இழுத்துப் பார்த்து, கேஸ் அடைத்ததை இருவர் தனித்தனியே உறுதி செய்ததும் இந்தக் கால் மணிக்குள் அடக்கம். பெரியப்பாவின் ஐந்து மணிக்கு இல்லாத அதிகாரம் ஆச்சியின் பத்தரைக்கு இருக்கிறது.

அப்படியானால் ஐந்து மணி எதற்கு? இங்கேதான் ஆய்வின் உயிர் இருக்கிறது.

4.45க்கே குளித்து வேனில் ஏறி உட்கார்ந்தவர்கள் சென்னை நண்பர்கள் மட்டும். டிரைவர் அண்ணன் முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார், அனுபவசாலி. ஆறு மணிக்கு நண்பர்களுக்கு முதல் காப்பி வந்தது. ஏழு மணிக்கு இறங்கி முற்றத்துக்கு வந்தார்கள். எட்டு மணிக்கு இட்லி. ஒன்பது மணிக்கு, தோப்பு பாகம் பிரித்ததில் கிணறு யார் பக்கம் போனது என்பது பற்றி அவர்களில் ஒருவருக்கு உறுதியான கருத்து இருந்தது.

அந்த முற்றத்தில்தான் வரிப் பிரச்சினையும் வந்தது. கோவிலுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. தையில் கல்யாணமான பையன் இந்த வருடமே புதுத் தலைக்கட்டா, அடுத்த வருடத்திலிருந்தா? பெரியப்பா இந்த வருடம் என்றார். பையனின் அப்பா, வரி நோட்டில் பெயர் ஏறிய பிறகுதான் என்றார். அத்தை குறுக்கிட்டு இருவரையும் அடக்கினாள். அத்தை வாழ்க்கைப்பட்டு வேறு சாஸ்தாவுக்குப் போனவள். அவள் வரி தேரிக்குடியிருப்புக் கற்குவேல் அய்யனாருக்குப் போகிறது. இங்கே அவளுக்கு வரியும் கிடையாது, நோட்டில் பெயரும் கிடையாது. ஆனால் தீர்ப்பு அவளுடையதுதான். வரி கட்டாதவர்களுக்கே சபையில் வாய் அதிகம் என்பதைப் பொருளியல் துறையினர் தனியே ஆராயலாம். இரண்டு வருடமாகப் பேசாதிருந்த மாமாவும் சித்தப்பாவும், அவள் சொன்ன தீர்ப்பை எதிர்ப்பதற்காக ஒரே பக்கம் சேர்ந்தார்கள். அதற்குள் மயினி தட்டு நிறைய வடையோடு வந்தாள்.

கோவிலில் இப்படி எதுவும் நடக்கவில்லை. அங்கே புகை, வெயில், வரிசை. பொங்கல் பானைக்குக் கல் கூட்ட இடம் தேடுவதிலும் பிள்ளைகளை எண்ணுவதிலும் பொழுது போனது. யாரும் யாருடனும் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசவில்லை. திரும்பும்போது எல்லாரும் தூங்கினார்கள். அருவியில் நண்பர்கள் குளித்தது முக்கால் மணி நேரம்.

ஆகவே சொந்தம் கூடியது கோவிலில் அல்ல. நின்ற வேனைச் சுற்றி, ஐந்துக்கும் பத்தே காலுக்கும் இடையில். வண்டி பத்து மணிக்கு என்று பெரியப்பா உண்மையைச் சொல்லியிருந்தால் எல்லாரும் ஒன்பதரை வரை தூங்கியிருப்பார்கள். அவர் சொன்ன ஐந்து மணி, ஆட்களை எழுப்பி முற்றத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாடு. இதை அவர் அறிந்தே செய்கிறாரா என்று நேரில் கேட்டேன். "போல, அடுத்த தடவையாவது நேரத்துக்குக் கெளம்பணும்" என்றார்.

திரும்புவதற்கு இந்த விதி பொருந்தாது. அதை டிரைவர் அண்ணன் முடிவு செய்கிறார்.

மற்ற கிழமைகளுக்கும் கணக்கு இதுவே. சனிக்கிழமை இராகு காலம் 9 மணிக்கு, வேன் 8.45க்கு எடுக்கும். திங்களன்று 7.30க்கு, அன்று ஆச்சி ஏழு மணிக்கே சத்தம் போட வேண்டியிருக்கும், வரி விவகாரம் வண்டிக்குள் தொடரும். ஞாயிறன்று இராகு மாலை 4.30 வரை வரமாட்டார். அன்று 12 மணி எமகண்டம் அவர் வேலையைப் பார்த்துக்கொள்ளும். கடினமானது புதன். காலை 7.30 முதல் 9 வரை எமகண்டம், இராகு 12 மணிக்குத்தான். உத்திரம் புதன்கிழமையில் விழும் ஆண்டில் நெல்லைப் பக்கம் வர எண்ணியிருக்கும் நண்பர்கள், வேன் 11.45க்குத்தான் நகரும் என்பதைக் கருத்தில் கொண்டு, வண்டிக்குள் ஏறி உட்காராமல் முற்றத்தில் நல்ல நாற்காலியாக ஒன்றைப் பிடித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.