ரிமோட்டுச் செங்கோலார் மெய்க்கீர்த்தி

கரிசல் மண்ணில் அவதரித்து, விருதுநகர் தொட்டு வெம்பக்கோட்டை வரை புகழ் பரப்பி, ஒரு கையில் ரிமோட்டும் மறுகையில் குவார்ட்டருமாக வீற்றிருந்து இல்லறம் நடத்தும் எங்கள் கணவர்குல திலகத்துக்குக் கோடி வணக்கம். "டிவி பாத்துத்தான் பொம்பளைக கெட்டுப்போறாக" என்று அப்பெருமான் திருவாய் மலர்ந்தருளியபோது அற்பர்கள் சிரித்தார்கள். என்னே அவர்கள் அறியாமை!

ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர் இருவர், தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து இடங்களில் 2001 முதல் 2003 வரை எடுத்த கணக்கெடுப்பை அலசி, 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கேபிள் வந்த ஊர்களில், புருஷன் அடிப்பதில் தப்பில்லை என்று சொல்லும் பெண்கள் குறைந்துவிட்டார்களாம். வீட்டு முடிவுகளில் அவர்கள் பேச்சும் எடுபடத் தொடங்கியதாம். பிரேசிலிலோ டிவி தொடர்கள் எட்டிய இடங்களில் மணமுறிவே கூடியதாக வேறு ஆய்வாளர்கள் கண்டார்களாம். இத்தனை புள்ளிவிவரம் குவித்து அவர்கள் கண்டதை எங்கள் பெருமான் திண்ணையில் சாய்ந்தபடியே கண்டருளினார்.

அந்த ஞானம் இந்த மண் தந்தது. பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் போகுமுன் செம்புத் தகட்டைத் தொடவேண்டும். உடம்பில் ஒட்டிய, கண்ணுக்குத் தெரியாத மின்சாரமே பொறியாகிவிடும். ஊரார் ஆலையோடு விட்ட விதியைத் தம் வீட்டுக்கும் கொண்டுவந்த பேராசான் இவர் ஒருவரே. நாளொரு அறையும் பொழுதொரு வசையுமாகத் தாம் இடித்து இடித்து நிரப்பிய இல்லறம் எத்தனை வீரியமான மருந்தறை என்பது அவருக்கல்லவா தெரியும்! ஆகவேதான், அடுப்படியே கதியென்று கிடந்த 'பாக்கியலட்சுமி' தொடரின் பாக்கியா, கோபியை விவாகரத்து செய்துவிட்டுச் சமையல் தொழிலில் தலைநிமிர்ந்ததும், கேபிள் வயரைத் தம் திருக்கரத்தாலேயே அறுத்தெறிந்தார்.

கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளும் நுட்பமும் அவருக்கே உரியது. 2006 செப்டம்பரில் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. அடுத்த மாதமே குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெட்டியை வரிசையில் நின்று தோளில் சுமந்து வந்தவர், சட்டத்தை மட்டும் வாசல்படி மிதிக்க விடவில்லை.

கருணையைச் சொல்லவா? ஆலையில் சரம் பின்னிக் காய்த்துப்போன மனைவியின் விரல்கள் சனிக்கிழமைச் சம்பளத்தின் பாரத்தைத் தாங்காதே என்று, வாசலிலேயே எதிர்கொண்டு வாங்கிக்கொள்ளும் வள்ளல் அவர். அவள் பிறந்த வீட்டாரும் சளைத்தவர்கள் அல்லர். வீங்கிய கன்னத்தோடு வந்து நிற்கும் மகளுக்கு ஒரு வாய் காப்பி கொடுத்து, "அனுசரிச்சுப் போ தாயி" என்று அடுத்த பஸ்ஸிலேயே ஏற்றிவிடும் விருந்தோம்பலை வேறு எந்தச் சீமையில் காண்போம்!

ஒரே ஒரு குறை. விடியலில் ஆலை வேன் வருகிறது. அதில் மனைவியின் பக்கத்தில் உட்காருபவள், பாக்கியா என்ன சொன்னாள், கோபி எப்படி முழித்தான் என்று சாத்தூர் வரை ஒரு வரி விடாமல் சொல்லி வருகிறாள். வேனை நிறுத்தினால் கதை நிற்கும், சனிக்கிழமையும் நின்றுவிடும். இந்த இக்கட்டையும் பெருமான் தம் பேரறிவால் வென்றருள்வார். இப்போது டாஸ்மாக் வாசலில் அதைப் பற்றித்தான் ஆழ்ந்த ஆலோசனையில் இருக்கிறார்.